மணம்: ஆட்சேபணை இல்லை

சேலத்தில் நான் வேலை பார்த்த தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் ஒரு பெரிய மெஷின் இருந்தது. வாயு குரோமட்டோகிராஃப் என்று பெயர். தண்ணீரில் கலந்து கிடக்கும் ரசாயனங்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் என்று அதோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. பிரித்துக் காட்டியதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. முதலில் அதற்கான வாயு சிலிண்டர் வரவில்லை. சிலிண்டர் வந்தபோது அதன் வால்வு வரவில்லை. வால்வு வந்தபோது சிலிண்டர் காற்றுப் போய்க் காலியாகியிருந்தது. ஆயுத பூஜைக்கு மட்டும் உறையைக் கழற்றி, சந்தனம் வைத்து, பொரிகடலை படைப்போம். எழுபதுகளின் கடைசியில் நான் சேர்ந்தேன். என் காலத்தில் அந்த மெஷினுக்குள் போன ஒரே சரக்கு அந்தப் பொரிதான்.

நிஜ வேலை நடந்தது கண்ணாடித் தட்டில். சிலிக்கா மாவைத் தண்ணீரில் குழைத்துத் தட்டில் தோசை மாதிரி மெலிசாகப் பூசிக் காயவைக்க வேண்டும். சந்தேகப்படும் தண்ணீரில் அமிலம் விட்டு ஈதரோடு சேர்த்துக் குலுக்கினால், உள்ளே இருக்கும் மருந்துச் சரக்கு ஈதருக்குள் ஏறிக்கொள்ளும். அதில் ஒரு சொட்டைத் தட்டின் அடியில் வைத்து, கரைசல் ஊற்றிய ஜாடிக்குள் நிற்கவைத்தால் கரைசல் மேலே ஏறும், சரக்குகளும் அவரவர் சாமர்த்தியப்படி கூடவே ஏறி வெவ்வேறு உயரத்தில் நின்றுவிடும். அப்புறம் இரும்புக் குளோரைடு தெளித்தால், தலைவலி மாத்திரை உடைந்து உண்டாகும் சாலிசிலிக் அமிலம் ஊதாப் பொட்டாகத் தெரியும். கேட்க சுலபம். சேலத்துச் சித்திரை வெயிலில் ஈதர் பாட்டிலின் மூடியைத் திறந்தால் பாதி ஈதர் செவ்வாய்ப்பேட்டை தாண்டிப் போய்விடும்.

இந்த வித்தையைக் கற்ற புதிதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணில் பட்ட தண்ணீரையெல்லாம் தட்டில் ஏற்றினேன். அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. ஏரித் தண்ணீரில் ஊதாப் பொட்டு. எங்கள் ஆபீஸ் குழாய்த் தண்ணீரில் ஊதாப் பொட்டு. ஒப்பிட்டுப் பார்க்கக் காய்ச்சி வடித்துச் சுத்தமாக வைத்திருந்த வடிநீரில்கூட ஊதாப் பொட்டு. அறிவுள்ளவன் அங்கேயே நின்றிருப்பான். நான் நிற்கவில்லை. ஜில்லா முழுக்க மருந்துக் கழிவு பரவிவிட்டது என்று இரண்டு பக்கத்துக்கு எழுதித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

எங்கள் கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவும் உதவியாளரை எல்லாரும் பாய் என்போம். செவ்வாய்ப்பேட்டைக்காரர். அவருடைய அண்ணன் அங்கே மளிகை மண்டி வைத்திருந்தார். பாய் அந்தத் தட்டை எடுத்து ஒருமுறை மோந்து பார்த்தார்.

"தம்பி, இது பெரிய சாரோட தைலமில்ல?"

எங்கள் அதிகாரிக்குப் பத்து மணிக்கு ஆபீஸ் வந்ததும் தலைவலி வரும், ஐந்து மணிக்குப் போய்விடும். இடைப்பட்ட நேரம் பூராவும் நெற்றியில் தைலம் தேய்ப்பார். அதே விரலால் என் தட்டுகளை எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பார். தைலத்தில் இருப்பதும் அந்த மாத்திரைச் சரக்குக்குப் பங்காளிதான். ஜில்லாவில் பரவியிருந்தது மருந்துக் கழிவு இல்லை, எங்கள் அதிகாரியின் தலைவலி.

தலைமை அலுவலகத்தில் ஒரு மாதம் சிரித்தார்கள். எனக்கு மானம் போய்விட்டது. நியாயமாக நான் என்ன கற்றிருக்க வேண்டும்? தட்டு பொய் சொல்லும்போது மூக்கைக் கேள் என்று. நான் கற்றது வேறு. பாத்திரம் சுத்தமாக இருக்க வேண்டும், ரூல் சுத்தமாக இருக்க வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம் என்று கற்றேன். அன்றிலிருந்து அமிலத்தில் கழுவி, வடிநீரில் மூன்று முறை அலசிய பாட்டில் தவிர எதையும் தொடுவதில்லை. மாட்டு டாக்டர் மாதிரி கையுறை வேறு. பாய் என்னைப் பார்த்துச் சிரித்ததைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன்.

அந்த அம்மா வந்தது இந்த மடி ஆசாரம் உச்சத்தில் இருந்தபோது.

முப்பது வயதுக்கு மேல் இருக்காது. மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்துக் கிராமம். மஞ்சள் பையிலிருந்து ஒரு டானிக் பாட்டிலை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். கார்க்குக்குப் பதில் மக்காச்சோளத் தக்கை.

"எங்க கெணத்துத் தண்ணிங்க. மோந்து பாருங்க சாமி."

நான் மோந்து பார்ப்பேனா? "இது மருந்து பாட்டில்மா. இதுல எடுத்துட்டு வந்தா மருந்துதான் இருக்கும்" என்றேன்.

"அஞ்சு வாட்டி அலசினனுங்க. சுடுதண்ணி ஊத்தி அலசினனுங்க."

"அம்பது வாட்டி அலசினாலும் ரூல் ஒத்துக்காது."

சொல்லிவிட்டு, அவர் கண்ணெதிரிலேயே அந்தத் தண்ணீரைத் தொட்டியில் கொட்டினேன். பாட்டிலைக் குப்பைக் கூடையில் போட்டேன். தொட்டியிலிருந்து புளித்த காடியும் ஆஸ்பத்திரித் தரையும் கலந்த மாதிரி ஒரு நாற்றம் எழுந்து வந்தது. ஜன்னலைத் திறந்து விட்டேன். அவ்வளவுதான் நான் செய்த விஞ்ஞானம்.

அவர் கோபப்படவில்லை. உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். இவர்கள் காட்டுக்கு, அதாவது விவசாய நிலத்துக்கு, மேட்டுப்புறத்தில் தலைவலி மாத்திரைக் கம்பெனி ஒன்று வந்து மூன்று வருஷமாகிறது. முதலாளி இவர் புருஷனுக்குப் பங்காளி முறை. கம்பெனிக் கழிவுத் தண்ணீரை ஒரு மண் குழியில் விடுகிறார்கள். அது ஊறி இறங்கி இவர்கள் கிணற்றுக்கு வருகிறது. தென்னை கருகுகிறது, எருமை வாயை வைக்க மாட்டேன் என்கிறது. பங்காளியோ, கிணறு நல்லாத்தான் இருக்குது, உங்களுக்கு விவசாயம் பண்ணத் தெரியல, நாலு ஏக்கராவையும் எனக்கே எழுதிக் குடுத்துட்டுப் போங்க என்கிறாராம். அவருக்கு லாரி போகப் பாதை வேண்டும். அதற்கு இவர்கள் காடு வேண்டும்.

"எங்கூட்டுக்காரரு வாயில்லாப் பூச்சிங்க. பங்காளி சத்தமாப் பேசினா அதுவே சரின்னு தலையாட்டிருவாரு. தை பொறந்தா கிரயம் பண்றதுன்னு பேசி வெச்சிருக்கறாங்க. தண்ணி கெட்டுப் போச்சுன்னு நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா நான் நிறுத்திப் போடுவனுங்க."

ஒரு வரி. அதற்குத்தான் மூன்று பஸ் மாறி வந்திருந்தார். நான் மனு எழுதும் தாளை நீட்டினேன். எட்டாவது வரை படித்தவர், முத்து முத்தாக எழுதினார். ரூல்படி குடும்பத் தலைவர் பேருக்கு ஒரு நோட்டீஸ், கம்பெனிக்கு ஒரு நோட்டீஸ், பதினைந்து நாள் அவகாசம், இன்ன தேதி இன்ன நேரத்துக்கு மாதிரி எடுக்க வருகிறோம் என்று அனுப்பினேன். திருடனைப் பிடிக்கத் தேதி குறித்துப் பத்திரிகை அடித்த கதைதான். அப்போது எனக்கு அது நேர்மையின் உச்சமாகத் தெரிந்தது.

குறித்த நாளில் அதிகாரியும் பாயும் நானும் ஜீப்பில் போய் இறங்கினோம். ஊர் எல்லையிலேயே அந்த அம்மாவின் புருஷன் எலுமிச்சம்பழத்தோடு நின்றார். வெள்ளை வேட்டி, தோளில் இருந்த துண்டு எங்களைப் பார்த்ததும் இடுப்புக்கு இறங்கியது. அந்த அம்மாவைக் காணோம். தங்கச்சிக்குப் பிரசவம் என்று எருமப்பட்டிக்குப் போய் பத்து நாளாகிறதாம்.

கிணற்றைப் பார்த்தேன். சும்மா சொல்லக் கூடாது, அப்படியொரு கிணற்றை நான் பார்த்ததேயில்லை. சுற்றுச் சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு. கிணற்றுமேட்டில் கோலம். தண்ணீர் அடிப்பாறை தெரியும் அளவுக்குத் தெளிவு. குனிந்தால் பிளீச்சிங் பவுடர் நெடி மூக்கைத் துளைத்தது.

"மூணு நாளா எஞ்சின் வெச்சு ஒட்ட எறைச்சுப் போட்டமுங்க. அடியில எறங்கிச் சேத்தையெல்லாம் வாரி, பவுடர் போட்டுக் கழுவி உட்டமுங்க" என்று பெருமையோடு சொன்னார் மனுஷன். "ஒறம்பரை வந்தாலே ஊட்டைக் கழுவி உடறோம். ஆபீசருங்க வாரப்ப நாத்தம் புடிச்ச கெணத்தக் காட்டறதுங்களா? எங்க பங்காளியே எஞ்சினும் குடுத்து, ஒரு மூட்டை பவுடரும் குடுத்துட்டாருங்க. என்னமோ சொல்றாங்க, நல்ல மனுசன்."

நல்ல மனுசன் சற்றுத் தள்ளி நின்று எங்களுக்குக் கும்பிடு போட்டார்.

ஆக, தண்ணீர் கெட்டுவிட்டது என்று புகார் கொடுத்த வீட்டிலேயே, புகாரை விசாரிக்க வருகிறவர்களுக்கு மரியாதையாக, கெட்ட தண்ணீர் முழுவதையும் இறைத்துக் கொட்டியிருக்கிறார்கள். விருந்தாளிக்குச் செய்கிற மரியாதை அது. அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. கோபம் வரவேண்டியது என்மேல். ஏனென்றால் மாதிரிப் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. மணம் என்று போட்டு, பக்கத்தில் ஒரு கோடு. அதில் பிளீச்சிங் பவுடர் நெடி, கிணறு புதிதாக இறைக்கப்பட்டிருக்கிறது, மாதிரி செல்லாது என்று எழுதியிருக்கலாம். பேனாவைத் திறந்துகொண்டு யோசித்தேன். பழைய தைலச் சிரிப்பு காதில் விழுந்தது. மூக்கை நம்பி எழுதினால் மறுபடி சிரிப்பார்கள். தட்டு சொல்லட்டும், நமக்கென்ன?

"எழுதுப்பா, சாப்பாடு ஆறுது" என்றார் அதிகாரி. வீட்டுக்குள்ளிருந்து நாட்டுக்கோழிக் குழம்பின் வாசம் வந்தது. அந்த வாசம் மட்டும் எனக்கு நன்றாகத் தெரிந்தது.

எழுதினேன். மணம்: ஆட்சேபணை இல்லை.

தட்டில் பொட்டே விழவில்லை. எப்படி விழும்? சரக்கு பூராவும் மூன்று நாள் முன்பே வாய்க்காலில் போயாயிற்று, மிச்சம் மீதியைப் பிளீச்சிங் பவுடர் தின்றுவிட்டது. குடிக்க உகந்தது என்று அறிக்கை போயிற்று. மாத்திரைக் கம்பெனி முதலாளி அதைச் சட்டம் போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியதாகக் கேள்விப்பட்டேன். எங்கள் கூடத்தின் அறிக்கைக்கு அவ்வளவு கௌரவம் அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைக்கவில்லை.

பத்து நாள் கழித்து அந்த அம்மா வந்தார். கையில் அறிக்கையின் நகல்.

"ஏனுங்க, எந்தக் கெணத்துத் தண்ணிய எடுத்தீங்க?"

நான் விளக்கப் பார்த்தேன்.

"புத்தி கெட்ட மனுசன், கெணத்தை எறைச்சுப் போட்டு உங்களுக்குச் சோறும் போட்டு அனுப்பியிருக்கறாரு. இப்ப மறுபடியும் நாறுதுங்க. இந்தக் காயிதத்தைக் காட்டிக் காட்டியே என்னைய வாயடைக்கறாங்க. தைக்கு இன்னும் ஒன்றரை மாசந்தான் கெடக்குது. நான் எந்தச் செவுத்துல போயி முட்டிக்கட்டும்?"

அன்றைக்கு அவர் குரல் உடைந்தது. என் ஒரு வார்த்தையால் ஒரு குடும்பம் தை மாசம் காட்டை விட்டு இறங்கப் போகிறது. மறு பரிசோதனைக்கு மனு கொடுக்கச் சொன்னேன். மறுபடியும் நோட்டீஸ், மறுபடியும் பதினைந்து நாள்.

"எங்கூட்டுக்காரரு பேருக்கு வேண்டாங்க. எம் பேருக்கு அனுப்புங்க" என்றார்.

"கம்பெனிக்கும் போகும்மா. அது ரூல்."

"போகட்டுமுங்க. நான் பாத்துக்கறன்."

எப்படிப் பார்த்துக்கொண்டார் என்பது நாங்கள் இரண்டாவது முறை போனபோதுதான் தெரிந்தது. நோட்டீஸ் கைக்கு வந்த அன்றே கிணற்றுமேட்டில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுவிட்டார். சோறு தண்ணி, படுக்கை, மாட்டுக்குத் தீனி அறுக்கிற அருவா எல்லாம் அங்கேதான். பங்காளி இரண்டு தரம் எஞ்சினோடு வந்து, அருவாளைப் பார்த்துத் திரும்பிப் போயிருக்கிறார். புருஷன்தான் பெரிய தொல்லையாம். ஆபீசருங்க வாராங்களே, ஒரு வாளி பவுடராச்சும் போடலாமே என்று தினமும் கெஞ்சினாராம்.

ஜீப்பிலிருந்து இறங்கும்போதே நாற்றம் வந்து அறைந்தது. நான் கொட்டினேனே ஒரு டானிக் பாட்டில், அதே நாற்றம். புருஷன் துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு கூனிக் குறுகி நின்றார்.

"மன்னிச்சுக்கோணுமுங்க சாமி. ஊட்டுக்கு வந்தவங்களை இப்படி நாத்தத்துல நிக்க வெச்சுப்போட்டமுங்க."

எங்கள் அதிகாரிக்கு உடனே தலைவலி வந்தது. கை சட்டைப் பைக்குப் போனது. பாய் தைல டப்பாவை அவர் கையிலிருந்து பதமாக வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். "சார், இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்கங்க." பாயின் பணிக்காலத்தில் அதைவிடப் பெரிய விஞ்ஞானப் பணி கிடையாது. நான் பாட்டிலை முக்கினேன். மணம் என்ற இடத்தில், புளித்த நெடி, கடுமையாக ஆட்சேபிக்கத்தக்கது என்று கோடு போதாமல் ஓரம் வரைக்கும் எழுதினேன்.

இந்தத் தடவை தட்டில் ஊதாப் பொட்டு குண்டாக வந்தது. பக்கத்தில் வடிநீர் வெறுமையாக இருந்தது. தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன். ஒரே வரியில் பதில் வந்தது: இதுவும் தைலமா? தைக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

வேறு வழியில்லை. பெரிய நகரத்து ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் இருந்தது. லீவு போட்டு, தண்ணீரையும் வடிநீரையும் தனித்தனியாக ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் வைத்து, மடியில் பிள்ளையைப் போல வைத்துக்கொண்டு ரயிலேறினேன். எங்களுடைய குரோமட்டோகிராஃபின் அண்ணன் அங்கே நிஜமாகவே ஓடிக்கொண்டிருந்தது. அது சரக்குகளைப் பிரித்து ஒவ்வொன்றாக அடுத்த மெஷினுக்குள் தள்ள, அந்த மெஷின் ஒவ்வொன்றையும் அடித்துத் துண்டு துண்டாக உடைத்து, துண்டுகளை எடை போட்டது. மனுஷனுக்கு ரேகை மாதிரி, எந்தச் சரக்கு எப்படி உடையும் என்பது அதற்கே உரிய அடையாளம். நாலு நாள் காத்திருந்தபின் நீளக் காகிதத்தில் கோடுகள் வந்தன. நூற்று முப்பத்தெட்டில் ஒன்று, நூற்றிருபதில் ஒன்று, தொண்ணூற்றிரண்டில் ஒன்று. தலைவலி மாத்திரை தண்ணீரில் உடைந்து உண்டாகும் சாலிசிலிக் அமிலம், சந்தேகமேயில்லை. வடிநீரில் ஒன்றும் இல்லை. அந்தக் காகிதத்தைப் பார்த்து எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

அந்தக் காகிதத்துக்கு மட்டும் தலைமை அலுவலகத்தில் யாரும் சிரிக்கவில்லை. மார்கழி முடியுமுன் உத்தரவு வந்தது. மண் குழியை மூட வேண்டும், கழிவைச் சுத்தம் செய்யாமல் வெளியே விடக் கூடாது, அதுவரை கம்பெனி ஓடக் கூடாது. கிரயம் நின்றது. பங்காளி சட்டம் போட்ட அறிக்கையைக் கழற்றினாரா இல்லையா தெரியாது.

நான் உத்தரவு நகலையும் கோடு போட்ட காகிதத்தையும் எடுத்துக்கொண்டு நேரிலேயே போனேன். நன்றி சொல்வார்கள் என்ற ஆசைதான், வேறென்ன. கட்டில் இன்னும் கிணற்றுமேட்டில்தான் கிடந்தது. கிணறு சரியாவதற்கு இன்னும் இரண்டு மூன்று மழை வேண்டும், தண்ணீர் அடுத்த தோட்டத்திலிருந்து குடத்தில் வந்துகொண்டிருந்தது. ஆனாலும் அந்த அம்மாவின் முகம் தெளிந்திருந்தது. உத்தரவை இரண்டு தரம் படித்தார். புருஷன் எனக்கு இளநீர் வெட்ட ஓடினார்.

நான் காகிதத்தை விரித்து மெஷினின் பெருமையை ஆரம்பித்தேன். எவ்வளவு பெரியது, எப்படி உடைக்கிறது, எப்படி எடை போடுகிறது, இந்தக் கோடு என்ன, அந்தக் கோடு என்ன. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும் உள்ளே போய் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு தாளை எடுத்து வந்தார். என்னுடைய முதல் அறிக்கை. ஒரு வரியின் கீழே விரலை வைத்தார்.

"இந்த மணம்ங்கறதை எந்த மெசின்ல வெச்சுப் பாப்பீங்க?"

"அதுக்கு மெஷின் கிடையாதுமா. மூக்குதான்" என்றேன்.

அவர் தாளை மடித்தார். முகத்தில் கோபம் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறவர் மாதிரி கேட்டார்.

"அன்னைக்கு அதைக் கொண்டாரலீங்களா?"

இளநீர் வந்தது. வாங்கிக் குடித்துவிட்டு, தலையை நிமிர்த்தாமல் பஸ்ஸுக்கு நடந்தேன்.